ரம்புத்தானுக்குப் பதில் கூஸ்பெரி

1

மலாக்காவின் காஜா பெராங்கிலிருந்து என் அண்ணன் எழுதும் கடிதங்களில் இப்போதெல்லாம் நலம் விசாரிப்பு குறைந்து அதட்டல் கூடிவிட்டது. "ஏழு வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறாய். உன் கடிதங்களையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பாதி மழை, பாதி உருளைக்கிழங்கு. அங்கே கோட்டை இல்லையா, கோபுரம் இல்லையா? அடுத்த மாதம் நாடு சுதந்திரம் வாங்கி ஓராண்டு நிறைகிறது. வாசகசாலையில் மலர் போடுகிறோம். பழம்பெருமை உள்ள ஓர் ஆங்கிலேயச் சந்தை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதி அனுப்பு. நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்."

வெள்ளைக்காரனிடமிருந்து சுதந்திரம் வாங்கியதற்குப் போடும் மலரில் வெள்ளைக்காரன் ஊரின் பெருமை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதிலாக ஆறு பக்கம் வரும்.

ஆகவே போனேன், பார்த்தேன், எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. தமிழில் எழுதிப் பார்த்தேன், தும்மியதுபோல் இருக்கிறது. பர்மிங்ஹாமிலிருந்து ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய், நடுவில் ஒரு முறை வண்டி மாறினால் வரும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போனது அண்ணனுக்காக இல்லை. மீனாச்சிக்காக.

மீனாச்சி நம் காஜா பெராங் பெண்தான், செட்டிகள் சேர்ந்து வாழும் செட்டி கம்பத்துக்காரி. மலாக்காச் செட்டிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்து, அங்கேயே பெண்ணெடுத்து, உடையும் பேச்சும் சமையலும் மலாயாக மாறிப்போய், சாமியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் இரண்டு சந்து தூரம். அங்கே இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களுக்குத் தமிழ் வராது என்று எங்களுக்குக் கொஞ்சம் இளக்காரம். எங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று அவர்களுக்கு நிறைய இளக்காரம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்க்கும் பர்மிங்ஹாம் மருத்துவமனையில், யாரோ ஒரு பயிற்சி நர்ஸ் தட்டோடு தெர்மாமீட்டர்களைக் கீழே போட்டுவிட்டு "அலாமாக்!" என்று நம் ஊர் ஐயையோவைக் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டதும் நான் கையிலிருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா. நாங்கள் பேசிக்கொள்வது மலாய்தான். நீங்கள் வாசிக்க வசதியாக எல்லாவற்றையும் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவள் வந்த புதிதில் மருத்துவமனை அலுவலகத்தில் ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. இனம்: இந்தியர். தாய்மொழி: மலாய். மதம்: இந்து. குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்த மூன்றில் ஏதோ ஒன்று தவறாக இருக்க வேண்டும், எது என்று நீயே சொல்லிவிடு என்றார். மூன்றும் சரி என்றாள். அவர் பாரத்தை ஓரமாக வைத்தார். போன வருஷம் நாடு சுதந்திரம் அடைந்ததும் குடியுரிமை என்ற கட்டத்தையும் மாற்ற வேண்டுமே என்று போய் நின்றோம். "இப்போது இதுவுமா?" என்று மனிதர் அழாத குறை.

சுதந்திர தினத்தன்று நாங்கள் இருவரும் ஒரே வார்டில் வேலையில் இருந்தோம். வார்டு சிஸ்டர் வந்து எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் நாட்டுக்கு என் வாழ்த்துகள்" என்றார். மூச்சு விடாமல், "ஆறாம் கட்டிலுக்கு பெட்பேன் வேண்டும்" என்றார். சுதந்திர மலாயாவின் முதல் நாளில் என் பங்கு அதுதான், அண்ணா. மலரில் போட்டாலும் போடு.

2

இந்த வருஷம் பங்குனியில் மீனாச்சியின் அப்பா இறந்துபோனார். தந்தி கொடுத்தால் பிள்ளை பயந்துவிடும் என்று அவளுடைய அண்ணன் கடிதம் எழுதினார். கடிதம் வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவள் கடிதத்தை வாசித்தாள், மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள், வார்டுக்குப் போய் எல்லோருக்கும் மருந்து கொடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

காரணம் உண்டு. இவள் நர்ஸ் படிப்புக்குக் கப்பலேறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வழியனுப்பவும் வரவில்லை. இவள் பஸ் ஏறும்போது அவர் அடுத்த பேட்டையான தெங்கேராவில் யார் வீட்டிலோ போய் உட்கார்ந்துகொண்டாராம். இரண்டு வருஷமாக இவள் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் அவர் கையால் பதில் இல்லை.

ஆனி முடியும் சமயத்தில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவள், "அக்கா, பழக்காலம் வந்துடுச்சு" என்றாள்.

செட்டி கம்பத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை முன்னோருக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். பொங்கலுக்கு முந்திய பார்ச்சு சாப்பாட்டுக்கு, நடுவருஷத்துப் பார்ச்சு பழங்களுக்கு. வாழையிலை விரித்து, இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். தட்டாமல் நுழைவது சாப்பிடுகிறவர் முகத்தை வெறித்துப் பார்ப்பதற்குச் சமம். நம் வீட்டுப் படையலிலும் இதே வழக்கம்தான்.

"வர்ற சனிக்கிழமை வீட்டுல செய்யுறாங்களாம். அன்னிக்கே நானும் செய்யணும்" என்றாள்.

"செஞ்சிட்டா போச்சு. என் வீட்டுல வெச்சுக்கலாம்."

"அப்பாவுக்கு நான் எங்க இருக்கேன்னே தெரியாது அக்கா. என் கடிதத்தை அவர் தொட்டதுகூட இல்லையாம். விலாசம் தெரியாதவர் எப்படி வருவாரு? தெரிஞ்சாலும் வருவாரா?"

எனக்கு நாக்கு நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்று அந்த நீள நாக்கை வைத்துக்கொண்டு, "பழத்துக்கு என்ன செய்யப் போறே?" என்று பேச்சை மாற்றினேன்.

பர்மிங்ஹாமில் எங்கள் தெருக் கடையில் ஆப்பிள் உண்டு, நேற்றைய ஆப்பிள் உண்டு. அதோடு சரி. என் வார்டில் கால் உடைந்து கிடந்த ஓர் அம்மாள்தான் அந்த ஊரைச் சொன்னார். சனிக்கிழமைச் சந்தை, சுற்றிலும் பழத்தோட்டம், பார்க்கக் கோட்டையும் உண்டு. ஒரே டிக்கெட்டில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

3

சனிக்கிழமை விடியற்காலையில் என் அடுப்படியை மீனாச்சி கைப்பற்றிக்கொண்டாள். டின்னில் வந்த உலர்ந்த தேங்காய்த்தூளை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தப் பாலில் நாசி லெமாக் சோறு ஆக்கினாள். அவள் அண்ணன் அனுப்பிய நெத்திலியில் சம்பல் வைத்தாள். வாசனை மாடியேறிப் போய் என் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டது. அவர் ரயில்வேயில் இரவு வேலை முடித்து வந்து படுத்தவர். எழுந்து வந்து அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் படையலுக்கு முன்பே ஒருவர் படைத்துக்கொள்வார் என்பது எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. சாப்பாட்டை அடுக்குச் சட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டே கிளம்பினோம். சாயங்காலம் திரும்பி வந்து இலை போடுவதாக ஏற்பாடு. அதுவரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது மீனாச்சியின் கட்டளை. நான் பசி தாங்காதவள் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான் யார் மேலாவது எரிந்துவிழுந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

என் மகளும் வந்தாள். ஒன்பது வயது. வீட்டில் சரோஜா, பள்ளிக்கூடத்தில் சேரா. இரண்டு வயதில் கப்பலேறியவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், மலாயில் கேட்டால் பதிலே சொல்ல மாட்டாள். தெருவில் எங்களுக்குப் பத்தடி முன்னால் நடப்பாள். பார்க்கிறவர்கள் அவளை எங்களோடு சேர்த்துவிடக் கூடாதாம். அன்றைக்கு நான் சேலைக்கு மேல் கோட்டு, மீனாச்சி மலாய்ப் பாணிச் சாரோங் கெபாயாவுக்கு மேல் கோட்டு, கையில் மணக்கும் அடுக்குச் சட்டி. அவள் இருபதடி முன்னால் நடந்தாள்.

4

இனி அண்ணன் கேட்ட ஊர்ப் பெருமை.

ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது. உச்சியில் கோட்டை, பக்கத்தில் தேவாலயம், நடுவில் சந்தை மண்டபம். மண்டபத்துக்குக் கீழே கல் தூண்கள், மேலே மரத்தாலான அறை. தூண்களுக்கு நடுவே பல நூறு வருஷமாகச் சந்தை கூடுகிறதாம். அரசர் யாரோ பட்டயம் கொடுத்திருக்கிறார். தெருவெல்லாம் வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் அடித்த வீடுகள். ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. நம் ஊரில் ஒரு வீடு இந்த அளவுக்குச் சாய்ந்தால் நகராண்மைக் கழகத்திலிருந்து நோட்டீஸ் வரும். இங்கே படம் வரைய ஆள் வருகிறார்கள்.

கோட்டை பாதிக்கு மேல் இடிந்து கிடக்கிறது. வாசலில் ஒரு பெரியவர் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மெதுவாக, சத்தமாக, "இது மிகவும் பழைய கோட்டை" என்றார்.

"எங்கள் ஊரிலும் பழைய கோட்டை இருந்தது. இப்போது ஒரு வாசல்தான் மிச்சம்" என்றேன்.

"அடடா! யார் இடித்தார்கள்?"

"நீங்கள்தான்" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், பிறகு சரோஜாவை இலவசமாக உள்ளே விட்டார். மலாக்காக் கோட்டைக்கு ஆங்கிலேயரிடமிருந்து கிடைத்த நஷ்ட ஈடு அவ்வளவுதான்.

கோட்டை மேலிருந்து பார்த்தால் பச்சை, பச்சை, அதற்கப்பால் இன்னொரு பச்சை. ஆறு ஒன்று வளைந்து போகிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து பட்டினி கிடக்கிறவளுக்கு எந்த மலையும் சோற்றுக் குவியலாகத்தான் தெரியும்.

சந்தையில்தான் உண்மையான வேலை. அப்பாவுக்குப் பிடித்த பழங்களை மீனாச்சி விரல் விட்டுச் சொன்னாள்: ரம்புத்தான், மங்குஸ்தான், லங்சாட், டுரியான். இங்கிலாந்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ரம்புத்தான் சுலபமாக மாட்டியது. கூஸ்பெரி என்று ஒரு காய் குவித்து வைத்திருந்தார்கள். நெல்லிக்காய் அளவு, உடம்பெல்லாம் பூனைமுடி. "முடி இருக்கு, போதும்" என்றாள் மீனாச்சி. புளிக்குமே என்றேன். அப்பா புளிப்புச் சாப்பிடுவார் என்றாள். லங்சாட் கொத்தாகக் காய்க்கும். ஆகவே வெள்ளைக் கரண்ட் என்ற சின்னப் பழத்தைக் கொத்தாக வாங்கினோம். மங்குஸ்தானுக்குக் கறுப்புச் செர்ரியா, முந்திப் பழுத்த பிளம்ஸா என்று வாக்குவாதம் வந்தது. எந்தச் சாறு துணியில் பட்டால் போகாதோ அதுதான் மங்குஸ்தான் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். என் கைக்குட்டையில் சோதனை நடந்தது. செர்ரி ஜெயித்தது.

டுரியான்தான் கழுத்தை அறுத்தது. முள் உள்ள பழம் ஒன்றும் இல்லை. மீனாச்சி சந்தை நடுவில் நின்று, "அப்பாவுக்கு மத்ததெல்லாம் சும்மா. டுரியான் இல்லன்னா எழுந்து போயிடுவாரு" என்றாள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். டுரியானுக்கு முள்ளைவிட நாற்றம்தான் அடையாளம்; பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று, மூக்கே பதிலைக் கண்டுபிடித்துவிட்டது. நாலு கடை தள்ளி ஒருவர் சீஸ் விற்றுக்கொண்டிருந்தார். உள்ளே நீலம் பாய்ந்த சீஸ்.

மீனாச்சி ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள். "இதைவிட நாத்தமா இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் கீழேயிருந்து இன்னொன்றை எடுத்தார். "இன்னும்?" ஈரத்துணியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்திருந்ததை எடுத்து, குழந்தையைக் காட்டுவதுபோல் துணியை விலக்கினார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் நகர்ந்துவிட்டார். மீனாச்சி கண்ணை மூடி நன்றாக இழுத்துவிட்டு, "இதுதான்" என்றாள். இவ்வளவு வருஷத்தில் என் சீஸைப் புரிந்துகொண்ட முதல் ஆள் நீதான் அம்மா என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

சரோஜா மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால், யாரோ ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தோடு வந்தவள்போல் நின்றுகொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே நாலு வார்த்தை திட்டினேன். பசி.

5

எல்லாம் கிடைத்தது, இலை இல்லை. வாழையிலைக்குப் பதிலாகத் தட்டில் வைக்கலாமே என்றேன். மீனாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கிப்போனேன். ஊரைச் சுற்றி இவ்வளவு பச்சை இருக்கிறது, ஒரு பெரிய இலை அகப்படாதா என்று வயல்வெளியில் இறங்கினோம்.

இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அடுத்தவன் நிலத்துக்கு நடுவே நடந்து போக ஊர் மக்களுக்கு உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகள். பலகையே நட்டு வைத்திருப்பார்கள். நம் ஊர்த் தோட்டத்தில் துரையின் நிலத்துக்குள் இப்படி ஒரு பொழுதுபோக்காகக் கால் வைத்துப் பாருங்கள், முதலில் நாய் வரும், பிறகு துரை வருவார். இங்கே வேலி வரும் இடத்தில் ஏறி இறங்க மரப்படி போட்டிருக்கிறார்கள். சேலையோடு அதில் ஏறுவது எப்படி என்று மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது வேலியில் நான் மேலேயே சிக்கிக்கொண்டேன். வெள்ளை முகம் கொண்ட பசுக்கள் வந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. மீனாச்சி என்னை விட்டுவிட்டு ஒரு பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நாலாவது வேலிக்கு அப்பால் ஒரு பண்ணை வீடு, ஒட்டினாற்போல் காய்கறித் தோட்டம். தோட்டத்து மூலைக் குப்பையில் முறம் அகலத்துக்குப் பச்சை இலைகள் குவிந்து கிடந்தன. வாடக்கூட இல்லை. சிவப்புத் தண்டை வெட்டி எடுத்துக்கொண்டு இலையை வீசியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல இலையை எறிகிறார்களே, சாப்பிடத் தெரியாத ஜனங்கள் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

"அப்பா, இலையும் வந்துடுச்சு!" என்றாள் மீனாச்சி.

ஆளுக்கு நாலு பொறுக்கி, என் செர்ரிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பலசாலி, இடுப்பில் ஒரு பேசின். மிஸஸ் பார்லோ என்று பிறகு தெரிந்தது.

"அதை எதற்கு எடுக்கிறீர்கள்?" என்றார்.

எனக்கும் மீனாச்சிக்கும் நன்றாக ஆங்கிலம் வரும், வார்டையே ஆள்கிறோம். ஆனால் குப்பையில் கை வைத்துப் பிடிபட்ட நேரத்தில் ஒரு மொழியும் வரவில்லை. பத்தடிக்கு அப்பால் நின்ற சரோஜாதான் முன்னால் வந்தாள். "எங்கள் சித்தியின் அப்பாவுக்கு இதில் சாப்பாடு போட வேண்டும்" என்றாள், சுத்தமான பர்மிங்ஹாம் பேச்சில்.

மிஸஸ் பார்லோ பேசினைக் கீழே போட்டுவிட்டார். "கடவுளே! அது ருபார்ப் இலை! தண்டைத்தான் சாப்பிடலாம், இலை விஷம்! அதில் சாப்பாடு போட்டால் அந்த மனிதர் செத்துப்போவார்!"

"பரவாயில்லை" என்றாள் சரோஜா. "அவர் ஏற்கெனவே செத்துவிட்டார்."

ஒரு கணம் பசுக்கள்கூட அசைபோடவில்லை. பிறகு மீனாச்சி சிரித்தாள். பங்குனியிலிருந்து சிரிக்காதவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கோ மானம் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் என் கையாலேயே அந்த ருபார்பை நோயாளிகளுக்கு ஊட்டுகிறேன். சமையலறையிலிருந்து குழைந்து வருவதைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, அதற்கு ஓர் இலை உண்டு, அந்த இலை விஷம் என்று ஏழு வருஷத்து நர்ஸுக்குத் தெரியாது.

மிஸஸ் பார்லோ ஒன்றும் புரியாமல் நின்றார். சரோஜா விளக்கினாள். "அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. அவர் வந்து சாப்பிடுவார். அப்புறம் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கே செய்தாக வேண்டும், ஏனென்றால் மலாக்காவிலும் இன்றைக்குத்தான்."

இவளுக்கு இதையெல்லாம் யார் சொன்னது? தமிழில் கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல பேசுறது எனக்குக் கேக்கும்மா" என்றாள், தமிழிலேயே. சந்தையில் அவளைத் திட்டியது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து என்னைக் குத்தியது.

மழை பிடித்துக்கொண்டது, வந்த வயல்வழியே திரும்பி நடக்க முடியாது. ரயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ் ஆறு மணிக்குத்தான், அதுவே கடைசி என்றார் மிஸஸ் பார்லோ. அதைப் பிடித்து வீடு சேர ஒன்பதாகிவிடும். ஒன்பதுக்கு மீனாச்சி இரவு வேலையில் இருக்க வேண்டும். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "முடியாது அக்கா. இன்னிக்குச் செய்ய முடியாது" என்றாள்.

மிஸஸ் பார்லோ அவளைப் பார்த்தார், அடுக்குச் சட்டியைப் பார்த்தார். "வழக்கமாக உங்கள் அப்பா எந்த இலையில் சாப்பிடுவார்?" என்று கேட்டார்.

"வாழை."

"அது என்னிடம் இல்லை. முட்டைக்கோஸ் இருக்கிறது. முன்னறையும் இருக்கிறது. பாதிரியார் வந்தால்தான் திறப்போம், சும்மாதான் கிடக்கிறது."

6

முன்னறையில் ஒரு பியானோ, லேஸ் போட்ட நாற்காலிகள், சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த ஒரு பெரிய மீன். மீன் மேசையையே முறைத்துக்கொண்டிருந்ததால் மீனாச்சி அதன்மேல் தன் ஸ்கார்பைப் போட்டு மூடினாள். மிஸஸ் பார்லோ முட்டைக்கோஸின் வெளியிலைகளைக் கழுவிக் கொண்டுவந்தார். இலையின் நுனி இடப்பக்கம் வர வேண்டும் அல்லவா? முட்டைக்கோஸ் இலைக்கு நுனி எது என்று நானும் மீனாச்சியும் நெடுநேரம் ஆராய்ந்தோம். இலை கிண்ணம்போல் குழிந்திருந்ததில் கூஸ்பெரிகள் நடுவே ஓடி ஓடிச் சோற்றில் சேர்ந்துகொண்டன. நாசி லெமாக், சம்பல், செர்ரி, கரண்ட், ஓரத்தில் சீஸ். மிஸஸ் பார்லோ ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தார். சீஸைப் பார்த்து மட்டும், "இது அவருக்கு நிச்சயமாகப் பிடிக்குமா?" என்றார்.

மீனாச்சி கோட்டைக் கழற்றிவிட்டு, கெபாயாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு கைகூப்பினாள். ஏதாவது மந்திரம் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் வழி சொன்னாள்.

"அப்பா, நான் மீனாச்சி. இங்கிலாந்துல இருக்கேன். கப்பல்ல வரணும்னா மூணு வாரம் ஆகும், நீங்க எப்படி வருவீங்கன்னு தெரியல. பர்மிங்ஹாம்னு ஊர். அங்க என்னைத் தேடாதீங்க, நான் இன்னிக்கு அங்க இல்ல. பெரிய ஸ்டேஷன்ல ரயில் ஏறுங்க. நடுவுல ஒரு தடவை மாறணும், மறந்துடாதீங்க. கோட்டை இருக்குற ஊர்ல இறங்கி, சந்தையைத் தாண்டி, வயல்ல நாலு வேலி ஏறி இறங்கணும். பசு ஒண்ணும் செய்யாது. நாலாவது வேலியைத் தாண்டினதும் இந்த வீடு. முன்னறையில வெச்சிருக்கேன். டுரியான் கிடைக்கலப்பா. கோவிச்சுக்காம வாங்க."

குரல் உடையவில்லை. புது நோயாளிக்கு வார்டைக் காட்டும் குரல்தான். அவள் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

நடைவழி குறுகல். எதிரில் மாடிப்படி. மிஸஸ் பார்லோவும் நானும் மீனாச்சியும் சரோஜாவும் சுவரோரமாக நின்றோம். சத்தமாக மூச்சுவிடவும் கூச்சமாக இருந்தது. மழை மட்டும் கேட்டது. மீனாச்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருவாரா, மாட்டாரா என்று அவள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

அப்போது பின்வாசல் வழியாக மிஸ்டர் பார்லோ வந்தார். நெட்டையான மனிதர், தொப்பியிலிருந்து மழை சொட்டியது. எங்களுக்குத் தலையசைத்தார். தன் வீட்டு நடைவழியில் சேலையும் சாரோங்கும் வரிசையாக நிற்பது தினமும் நடப்பதுபோல் எங்களைத் தாண்டிப் போய், முன்னறைக் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்ததும் அதன் குமிழில் கையை வைத்தார்.

"இப்போது வேண்டாம்" என்றார் மிஸஸ் பார்லோ, தணிந்த குரலில். "உள்ளே இந்தப் பெண்ணின் அப்பா சாப்பிடுகிறார்."

இனி விளக்க வேண்டும், அவர் சிரிப்பார், சிரிக்காவிட்டால் அதைவிட மோசமாக மரியாதையாக முகத்தை வைத்துக்கொள்வார்.

மிஸ்டர் பார்லோ கையை எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். எங்களையெல்லாம் ஒரு முறை பார்த்தார், மீனாச்சியின் முகத்தில் அவர் பார்வை கொஞ்சம் நின்றது.

"ரொம்ப தூரத்திலிருந்தா வந்திருக்கிறார்?" என்று கேட்டார்.

"ஆமாம், ஐயா" என்றாள் மீனாச்சி. "ரொம்ப தூரம். முதல் தடவையாக வருகிறார்."

"அப்படியானால் அவரை அவசரப்படுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் சமையலறைக்குப் போனார்.

மீனாச்சி மாடிப்படியில் உட்கார்ந்தாள். "வந்துட்டாரு அக்கா" என்றாள். பிறகு அழுதாள். பங்குனியில் அழ வேண்டியதையும், கப்பலேறிய அன்று அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள். சரோஜா போய் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் தேற்றவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

ஆறு மணி பஸ் வெளியே வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. கதவைத் தட்ட யாரும் எழுந்திருக்கவில்லை.